இரண்டாம் இரவில் நின்றுபோகும் குளிர்பெட்டி: துணை பேட்டரி, சோலார் பேனல் அமைப்பில் குறை எங்கே?

தடம்தேடி:
வணக்கம். என் வண்டியின் பின்பகுதியில் 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஏஜிஎம் வகை (மூடிய ஈய பேட்டரி) துணை பேட்டரி ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அது, வோல்டேஜைப் பார்த்துத் தானே இணைத்துத் துண்டிக்கும் ஒரு வோல்டேஜ் ரிலே வழியாக ஆல்டர்னேட்டரோடும் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி), சார்ஜைக் கட்டுப்படுத்தும் எளிய பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலர் வழியாக 120 வாட் மடக்கு பேனலோடும் இணைந்திருக்கிறது. 45 லிட்டர் கம்ப்ரசர் குளிர்பெட்டி, மூன்று எல்இடி விளக்குகள், இரண்டு கைபேசிகள், இன்வெர்ட்டர் வழியாக ஒரு மடிக்கணினி ஆகியவற்றுக்கு இதிலிருந்து மின்சாரம் எடுக்கிறேன். முதல் இரவு எந்தக் குறையும் இல்லாமல் கழிகிறது. இரண்டாம் இரவு மூன்று மணியளவில் குளிர்பெட்டி நின்றுவிடுகிறது. இன்னொரு 120 வாட் பேனல் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். இரண்டையும் தொடராக இணைக்க வேண்டுமா, இணையாக இணைக்க வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மின்பொறி:
தொடரா இணையா என்ற கேள்விக்குப் பிறகு வருவோம். முதலில் ஒரு நாள் செலவை எழுதிப் பார்த்துவிடுங்கள். 45 லிட்டர் குளிர்பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 45 வாட், அதாவது 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். நாள் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் அது 40 சதவீத நேரம் ஓடும் என்று கொள்ளலாம். அந்தக் கணக்கில் சுமார் 36 ஆம்பியர்-மணி. விளக்குகளுக்கு 2, கைபேசிகளுக்கு 4. மடிக்கணினிக்கு 60 வாட் வீதம் இரண்டு மணி நேரம் என்றால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 12. இதுவரை 54 ஆகிறது.

இந்தப் பட்டியலில் பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. மடிக்கணினியைக் கழற்றிய பிறகு இன்வெர்ட்டரை அணைக்கிறீர்களா? எதுவும் இணைக்காமல் சும்மா இயங்கும் இன்வெர்ட்டர் 8 வாட் எடுத்தாலும் 24 மணி நேரத்தில் 192 வாட்-மணி, அதாவது 16 ஆம்பியர்-மணி போய்விடும். குளிர்பெட்டியின் செலவில் ஏறக்குறைய பாதி அது. அப்படியானால் மொத்தம் 70.

ஈய வகை பேட்டரியை நீண்ட நாள் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் அதன் கொள்ளளவில் பாதியை மட்டுமே எடுப்பார்கள். உங்களுக்கு அது 50 ஆம்பியர்-மணி. பேனல் பகலில் 25 திருப்பித் தந்தாலும், நாள்தோறும் 45 பற்றாக்குறை. முதல் இரவைக் கடந்து இரண்டாம் இரவில் விழுவதற்கு இந்தக் கணக்கே போதுமானது.

தடம்தேடி:
இன்வெர்ட்டரை அணைப்பதில்லை. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இருட்டில் வழி தெரிய வசதியாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடுவேன்!

பழையடீசல்:
16 ஆம்பியர்-மணி விலை கொடுத்து வாங்கிய இரவு விளக்கு. நானும் அதை வைத்திருந்தவன்தான் என்பதால் உங்களைக் குறை சொல்லமாட்டேன். மடிக்கணினிக்கு 12 வோல்ட்டிலிருந்து நேரடியாகச் சார்ஜ் ஏற்றும் யூஎஸ்பி-சி சார்ஜர்கள் இருக்கின்றன. 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக உயர்த்தி, மடிக்கணினியின் அடாப்டர் அதை மறுபடியும் 20 வோல்ட்டாக இறக்கும் வேலை மிச்சமாகும்.

பாய்மரம்:
நான் படகுக்காரன், வண்டிகளுக்கு வந்தது பிற்பாடுதான். மின்பொறி அவர்களின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கின்படி பேட்டரி பாதிக்குக் கீழே போயிருக்குமே தவிர முற்றிலும் காலியாகியிருக்காது. ஆரோக்கியமான 100 ஆம்பியர்-மணி பேட்டரி, ஆயுள் குறையும் என்றாலும், 70 சதவீதம் வரை முனகாமல் கொடுக்கும். ஆகவே குளிர்பெட்டி நின்றது பேட்டரி தீர்ந்ததாலா, அல்லது தீர்ந்துவிட்டதாகக் குளிர்பெட்டி நினைத்துக்கொண்டதாலா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான குளிர்பெட்டிகளில் பேட்டரிப் பாதுகாப்பு மூன்று நிலைகளில் இருக்கும். உயர் நிலையில் வைத்திருந்தால் சில மாடல்கள் 11.1 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிடும். 12 வோல்ட்டுக்கு மேல் ஏறினால்தான் மறுபடி ஓடும். ஆனால் அது அளப்பது பேட்டரியின் முனையில் உள்ள வோல்டேஜை அல்ல, தன் பிளக்கிற்கு வந்து சேரும் வோல்டேஜை. இடையில் இருக்கும் ஒயர் என்ன தடிமன்? எத்தனை மீட்டர்? சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலா செருகியிருக்கிறீர்கள்? குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் ஒரு முறையும், சாக்கெட்டில் ஒரு முறையும் அளந்து இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.

தடம்தேடி:
வீட்டு வாசலிலேயே இரண்டு நாள் முகாம்போல ஓடவிட்டு, நேற்று இரவு அளந்தேன். பேட்டரி முனையில் 11.9 வோல்ட், சாக்கெட்டில் 11.1 வோல்ட். ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர். பேட்டரியிலிருந்து சாக்கெட் வரை நான்கு மீட்டர். குளிர்பெட்டியின் பாதுகாப்பு உயர் நிலையில்தான் இருந்தது. அதை நிறுத்தி, எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பேட்டரி 12.2 வோல்ட் காட்டியது.

பாய்மரம்:
ஓய்வில் 12.2 வோல்ட் என்பது ஏறத்தாழப் பாதி சார்ஜ். ஆக உங்கள் பேட்டரியில் இன்னும் பாதி இருக்கும்போதே குளிர்பெட்டி கடையைச் சாத்திவிட்டது.

0.8 வோல்ட் எங்கே போனது என்று பார்ப்போம். செம்பின் தன்தடை மீட்டருக்கு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.0175 ஓம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் நான்கு மீட்டர் என்பது எட்டு மீட்டர். எட்டை 0.0175 ஆல் பெருக்கி 1.5 ஆல் வகுத்தால் 0.093 ஓம், 4 ஆம்பியருக்கு 0.37 வோல்ட். மீதமுள்ள 0.4 வோல்ட்டுக்கு மேல் இழப்பது ஃபியூஸ் பிடிப்பானும் சாக்கெட்டும்தான். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். லைட்டர் சாக்கெட் சுருட்டுப் பற்றவைக்கப் பிறந்தது. ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த முனை, வண்டி குலுங்கக் குலுங்கத் தளர்ந்துபோகும்.

அதே தூரத்திற்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். சாக்கெட்டுக்குப் பதிலாக, முனைகள் இறுக்கமாகப் பொருந்தும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் வகைக் கனெக்டரைப் பயன்படுத்துங்கள். முனைகளைச் சாலிடர் செய்யாமல் நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். சாலிடர் ஒயரிழைகளுக்குள் ஊறி விறைத்து, விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வினால் ஒயர் முறிவதைப் படகில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மின்பொறி:
என் கணக்கு தவறில்லை என்றாலும் நோய் வேறு இடத்தில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிய ஒயர் போடும்போது ஃபியூஸைப் பற்றி ஒரு சொல். ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, ஒயரை. ஒயர் எங்கேனும் உராய்ந்து வண்டியின் உடலைத் தொட்டால், பேட்டரியிலிருந்து தொட்ட இடம் வரை உள்ள பகுதி முழுவதும் அடுப்புக் கம்பியாகிவிடும். அதனால் ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் இருக்க வேண்டும். குளிர்பெட்டிப் பக்கம் வைத்துப் பயனில்லை. இரண்டு பேட்டரிகளை இணைக்கும் ஒயருக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் தேவை, ஏனெனில் இரு பக்கமிருந்தும் மின்சாரம் பாயும். தகடுகளைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் விடாதீர்கள்.

தடம்தேடி:
பிளக் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஒயரை மாற்றுகிறேன். ஆனாலும் பகலில் பேனல் ஒருபோதும் பேட்டரியை நிறைத்ததில்லையே, அதற்கு என்ன காரணம்? கன்ட்ரோலர் பிற்பகலிலேயே நிறைந்துவிட்டது என்று காட்டுகிறது. மாலையில் பேட்டரியைப் பார்த்தால் நிறையவில்லை.

மலைக்குளிர்:
கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது? மடக்கு பேனலின் முதுகில் தைத்து வருகிறதே, அதுவா?

தடம்தேடி:
அதேதான். அங்கிருந்து ஆறு மீட்டர் ஒயர் பேட்டரிக்கு வருகிறது.

மலைக்குளிர்:
அப்படியானால் பாய்மரம் அவர்கள் சொன்ன அதே பாடம் திசை மாறி நடக்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஆறு மீட்டர் போய்வர 0.084 ஓம், 6 ஆம்பியர் பாயும்போது அரை வோல்ட் விழுகிறது. கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட்டைக் கண்டு பேட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ணி மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும்போது, பேட்டரியின் முனையில் இருப்பது 13.9 தான். கன்ட்ரோலரைப் பேனலிலிருந்து பிரித்துப் பேட்டரிக்கு அருகில் வைத்துவிட்டால், நீண்ட ஒயர் பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே அமைந்துவிடும். பேனலால் 18 வோல்ட் வரை தர முடிவதால் அங்கே அரை வோல்ட் இழப்பது பொருட்டே அல்ல. இணைக்கும்போது முதலில் பேட்டரியை, அதன்பின் பேனலை இணைக்க வேண்டும். கழற்றும்போது அதற்கு நேர்மாறு.

அடுத்தது நிழல். பேனலை மரத்தடியில் விரிப்பீர்களா?

தடம்தேடி:
வண்டி மரத்தடியில் நிற்கும். பேனல் பானெட்டின் மேல் இருக்கும். ஒரு மூலையில் மட்டும் கிளையின் நிழல் விழும், பெரும்பகுதி வெயிலில்தான்.

மலைக்குளிர்:
அந்த ஒரு மூலைதான் வினை. 12 வோல்ட் பேனலில் பொதுவாக 36 செல்கள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். நீர்க்குழாயை ஓரிடத்தில் மிதித்தால் முழுக் குழாயிலும் ஓட்டம் குறைவதுபோல, ஒரு செல் நிழலில் இருந்தால் வரிசை முழுவதன் மின்னோட்டமும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். பைபாஸ் டயோடு நிழல் விழுந்த பாதியை விலக்கிவிடுமே என்பார்கள். விலக்கினால் மிஞ்சுவது 18 செல்களின் 9 வோல்ட்; அதை வைத்து 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற முடியாது. பத்தில் ஒரு பங்கு நிழலுக்குப் பத்தில் ஒரு பங்கு இழப்பு என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் பெரும்பகுதி போய்விடும்.

மடக்கு பேனலின் ஒரே மேன்மை, வண்டியை நிழலிலும் பேனலை வெயிலிலும் வைக்க முடிவதுதான். அதைப் பானெட்டின் மேல் கிடத்தினால் அந்த மேன்மையை நாமே தூக்கி எறிகிறோம். கீழே இருந்து எஞ்சினின் சூடு வேறு ஏறும். பேனலின் மீது எழுதியிருக்கும் 120 வாட் என்பது செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில் எடுத்த அளவு. வெயிலில் செல் 60 டிகிரியைச் சாதாரணமாக எட்டும்; டிகிரிக்கு 0.35 முதல் 0.4 சதவீதம் வீதம் திறன் இறங்கும்.

நீங்கள் கேட்டிருந்த தொடர், இணை விஷயத்திற்கும் இதுவே விடை. இரண்டாவது பேனல் வாங்கினால் இணையாகவே இணைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிழலில் கிடந்தாலும் மற்றது தன் வேலையைச் செய்யும். உங்கள் பிடபிள்யூஎம் கன்ட்ரோலருக்குத் தொடர் இணைப்பால் எந்த ஆதாயமும் இல்லை.

பழையடீசல்:
அந்தக் கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டு எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர் வாங்கினால் 30 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்களே?

மின்பொறி:
குளிர்காலத்தில் கிடைக்கும். பிடபிள்யூஎம் என்பது பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்து இறக்கிவிடும். 18 வோல்ட்டில் 6.7 ஆம்பியர் தரும் பேனல் 13.2 வோல்ட்டிலும் ஏறத்தாழ அதே 6.7 ஆம்பியரைத்தான் தரும், ஆகையால் கிடைப்பது 88 வாட். எம்பிபிடி அந்த உபரி வோல்டேஜை மின்னோட்டமாக மாற்றிக்கொள்கிறது. ஆனால் பேனல் 60 டிகிரிக்குச் சூடேறும்போது 18 வோல்ட் என்பது 15.8 ஆகச் சுருங்கிவிடுகிறது. அப்போது எம்பிபிடி, தன் இழப்பும் போக, 100 வாட் தரும். கூடுதல் 13 சதவீதமே. பேட்டரி எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, பேனல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் பயன் கூடும். 120 வாட்டுக்கு முதல் செலவாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூரையில் 200 வாட்டுக்கு மேல் நிலையாகப் பொருத்துபவர் தயங்காமல் வாங்கலாம். வாங்குபவர்கள் கன்ட்ரோலரின் உச்ச வோல்டேஜ் வரம்பைப் பார்க்க வேண்டும். சுமையில்லாதபோது ஒவ்வொன்றும் 22 வோல்ட் காட்டும் இரண்டு பேனல்களைத் தொடராக்கினால் 44 வோல்ட். கடுங்குளிர்க் காலையில் அது இன்னும் ஏறும். 50 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலருக்கு அது விளிம்பு.

தடம்தேடி:
ரிலேவையும் கவனித்தேன். இன்று ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டியபோது துணை பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லிப் பக்கத்தில் மகனை உட்காரவைத்தேன். முதல் இருபது நிமிடம் 14.2, பிறகு 12.6 க்கு இறங்கி, ரிலே துண்டித்துவிட்டது. ரிலே பழுதா?

பழையடீசல்:
என் வண்டியில் எட்டு ஆண்டுகளாக அதே வகை ரிலே ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. 13.3 வோல்ட்டில் சேர்க்கும், 12.8 க்குக் கீழே பிரிக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எளிமையான பொருள் என்பதாலேயே அதை விரும்புகிறேன். மாற்றச் சொல்பவர்கள் பெரும்பாலும் புதிது வாங்கும் ஆசையில் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

மின்பொறி:
ரிலே பழுதில்லை, அது சொன்னபடி நடந்திருக்கிறது. வேறுபாடு ஆல்டர்னேட்டரில். பழையடீசல் அவர்களின் வண்டியில் அது எப்போதும் 14 வோல்ட்டுக்கு மேல் தந்துகொண்டிருக்கும். புதிய வண்டிகளில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, ஸ்டார்ட்டர் பேட்டரி போதுமான அளவு ஏறியதும் எஞ்சின் கணினி ஆல்டர்னேட்டரைத் தாழ்த்திவிடுகிறது. பெரும்பாலும் பிரேக் பிடிக்கும்போதுதான் உயர்த்தும். துணை பேட்டரி ஒன்று பின்னால் காத்திருப்பது அந்தக் கணினிக்குத் தெரியாது.

இதற்கு டிசி-டிசி சார்ஜர்தான் வழி. உள்ளே 12.4 வந்தாலும் வெளியே 14.4 தரும், பேட்டரியின் வகைக்கேற்ப நிலைகளை மாற்றிக்கொள்ளும். 25 ஆம்பியர் சார்ஜர் உள்ளீட்டில் 32 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும் என்பதால் 10 சதுர மில்லிமீட்டர் ஒயரும் இரு முனையிலும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போடுங்கள். உங்கள் வகை வண்டியில் அது எப்போது இயங்க வேண்டும் என்பதை வோல்டேஜை வைத்துத் தீர்மானிக்க விடாமல், சாவி திருப்பியதும் மின்சாரம் வரும் இக்னிஷன் ஒயரிலிருந்து சிக்னல் கொடுங்கள்.

பழையடீசல்:
என் வண்டிக்குப் பொருந்துவது எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று பேசிவிட்டேன். ஏற்றுக்கொள்கிறேன்.

தடம்தேடி:
சார்ஜர் வாங்கும்போதே பேட்டரியையும் லித்தியமாக மாற்றிவிடலாமா? எடை பாதிக்கும் குறைவு என்கிறார்களே.

மலைக்குளிர்:
எடை உண்மைதான். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 25 முதல் 30 கிலோ இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 11 முதல் 13 கிலோ. பாதியில் நிறுத்த வேண்டியதில்லை, 80 சதவீதத்திற்கு மேல் எடுக்கலாம். ஈய பேட்டரி கடைசி 20 சதவீதத்தை ஏற்க மணிக்கணக்கில் முரண்டு பிடிக்கும்; லித்தியம் ஏறத்தாழ முழுவதும் ஒரே வேகத்தில் ஏறும். குறுகிய வெயில் நேரத்தில் முகாமிடுபவருக்கு இந்தக் குணம்தான், எடையைவிட, பெரிய ஆதாயம்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். பனி உறையும் காலையில் பேனலை விரித்தேன்; ஒரு ஆம்பியர்கூட ஏறவில்லை. செல் உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும் என்பதால், உள்ளிருக்கும் பிஎம்எஸ் என்ற காப்புச் சுற்று வழியை அடைத்துவிட்டது. அடைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தக் காப்பு இல்லாத மலிவான பேட்டரிகளும் விற்பனையில் உண்டு, வாங்கும் முன் கேட்டுத் தெளியுங்கள். எஞ்சின் அறைக்குள் லித்தியத்தை வைக்கவே கூடாது. ரிலே வழியாக நேரடியாக ஆல்டர்னேட்டரோடும் இணைக்கக் கூடாது. உள்தடை மிகக் குறைவு என்பதால் அது கட்டுக்கடங்காமல் இழுத்து, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். வோல்டேஜைப் பார்த்து மீதியை ஊகிக்கவும் முடியாது. பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு முடிவில் செங்குத்தாக விழும். அதனால் உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் ஷண்ட் வைத்த மீட்டர் கட்டாயம்.

பாய்மரம்:
நான் இதில் சற்று மாறுபடுகிறேன். லித்தியத்தின் மேன்மையை மறுக்கவில்லை. ஆனால் இவருடைய ஏஜிஎம் பேட்டரி கெட்டுப்போனதற்கு இதுவரை ஒரு சான்றும் இல்லை. மெல்லிய ஒயரும், தவறான இடத்தில் இருந்த கன்ட்ரோலரும், அணைக்காத இன்வெர்ட்டரும் அதன்மேல் பழியைப் போட்டிருக்கின்றன. இவற்றைச் சரிசெய்யாமல் லித்தியம் வைத்திருந்தாலும் குளிர்பெட்டி மூன்று மணிக்குப் பதில் ஐந்து மணிக்கு நின்றிருக்கும். ஷண்ட் மீட்டரை மட்டும் இப்போதே வாங்குங்கள். அது எந்த பேட்டரிக்கும் பயன்படும். ஏஜிஎம் தன் ஆயுளை முடித்தபின் லித்தியத்திற்குப் போகலாம்.

தடம்தேடி:
ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஆண்டர்சன் கனெக்டர், பேட்டரிக்கு அருகில் கன்ட்ரோலர், 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், ஷண்ட் மீட்டர் ஆகியவற்றைப் பொருத்தி, மூன்று இரவுகள் தங்கிவிட்டு வந்தேன். இன்வெர்ட்டர் வீட்டில் இருக்கிறது. ஒரு நாள் செலவு சராசரியாக 44 ஆம்பியர்-மணி; பேனலை வெயிலில் தரையில் சாய்த்து, பகலில் மூன்று முறை திருப்பி வைத்ததில் நாளொன்றுக்கு 28 வந்தது. பேட்டரியில் முதல் காலை 80 சதவீதம், இரண்டாம் காலை 65. அன்று தண்ணீர் எடுக்க நாற்பது நிமிடம் வண்டி ஓட்டியதால், மூன்றாம் காலையிலும் 64 இருந்தது. குளிர்பெட்டி ஓடும்போது அதன் கனெக்டரில் அளந்தால் பேட்டரி முனைக்கும் அதற்கும் 0.1 வோல்ட் வேறுபாடுதான். இரண்டாவது பேனல் வாங்கவில்லை.

பாய்மரம்:
மகிழ்ச்சி. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முதல் பயணத்திற்குப் பிறகு எல்லா லக் முனைகளின் (ஒயர் நுனி வளையங்களின்) நட்டுகளையும் ஸ்பேனர் வைத்துச் சோதியுங்கள். மென்மையான செம்பும் ஈயமும் அழுத்தத்தில் சற்று அமுங்கும், அதிர்வு மீதியைச் செய்யும்.

தடம்தேடி:
சோதித்தேன். டிசி-டிசி சார்ஜரின் நெகட்டிவ் முனை கால் சுற்று தளர்ந்திருந்தது. ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கிவிட்டேன்.